கச்சான் மாதங்களில் எந்தப் பலகை? இலங்கை அலைகளில் கைட் சேர்ஃபிங்

ஜூலை பிறந்ததும் மடுல்சீமை மலைகளில் கச்சான் அடிக்கத் தொடங்கும். தென்மேல் பருவக்காற்று ஈரத்தையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாவுக்குள் வருகிறது. தேயிலைச் செடி தளிர்விடத் தயங்கும். கொழுந்து குறையும். நிறை வராத நாளில் அரைப்பேர்தான். ஆனால் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த வாசம் இந்தக் காய்ச்சலில் வளர்ந்த கொழுந்துக்குத்தான் வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்தத் தேயிலைக்கு ஏலத்தில் தனி மதிப்பு உண்டு. கொழுந்து பறிப்பவருக்கு அந்த மதிப்பில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பது வேறு கட்டுரைக்குரியது.

இதே பருவக்காற்று நாட்டின் வடமேற்கில் மலை எதுவும் குறுக்கிடாமல் கற்பிட்டி, மன்னார் கரைகளில் நேராக மோதுகிறது. நல்ல நாட்களில் 18 முதல் 25 நொட் வேகம். ஒரு நொட் 1.852 கிலோமீற்றர் என்பதால், மணிக்கு 33 முதல் 46 கிலோமீற்றர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். மே மாத நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் இறுதி வரை இந்தக் காற்றைத் தேடி ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தோட்டத்தில் வேலை குறையும் மாதங்களும் கடற்கரை விடுதிகள் ஆள் தேடும் மாதங்களும் ஒன்றாகிவிடுகின்றன. சமையலறையிலும் அறை துப்புரவிலும் சேர்கின்ற இளைஞர்கள் சிலர், மாலையில் விருந்தினரின் பட்டத்தைக் கரையில் பிடித்துக் கொடுக்கத் தொடங்கி, மெல்ல மெல்லப் பலகைக்கு வந்துவிடுகிறார்கள். பயிற்றுநராகிவிட்டால் வருமானமும் மரியாதையும் வேறு.

அந்த இடத்தில்தான் ஒரு கேள்வி வருகிறது. பருவ முடிவில் விருந்தினர் ஒருவர் தன் பலகையை விற்றுவிட்டுப் போக நினைக்கிறார். அல்லது சுவிஸிலிருந்து வரும் சித்தப்பா பழைய பலகை ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா, எதை வாங்கலாம்? புதிய பலகை ஒன்று ஐரோப்பாவில் 800 யூரோ என்று வைத்தால் இலங்கைக் காசில் இரண்டரை இலட்சத்தைத் தாண்டும். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் அது ஏறத்தாழ 200 நாள் உழைப்பு. பாதி விலைக்கு வாங்கினாலும் 100 நாள். தவறான பலகைக்கு அவ்வளவு நாளைக் கொடுக்க முடியாது.

முச்சையும் பாரும்

பலகைக்குப் போகுமுன் பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவத்தில் பாதி தெரிந்ததுதான். முச்சை கட்டும்போது மேல் கயிற்றையும் கீழ்க் கயிற்றையும் எந்த அளவில் விடுகிறோமோ, அதை வைத்தே பட்டம் காற்றை எவ்வளவு அள்ளும், எவ்வளவு இழுக்கும் என்பது தீர்மானமாகிறது. தரையில் கட்டிய முச்சையை வானத்தில் மாற்ற முடியாது. கைட் சேர்ஃபிங் பட்டத்தில் அதை மாற்றலாம். கையில் பிடிக்கும் பாரை உள்ளே இழுத்தால் பட்டம் கூடுதலாகக் காற்றை அள்ளும், வெளியே விட்டால் இழுவை குறையும். இந்த இழுவை தோளுக்கு வருவதில்லை. ஹார்னஸ் எனப்படும் இடுப்புப் பட்டிதான் அதைத் தாங்குகிறது. நூல்கள் பொதுவாக 20 முதல் 24 மீற்றர் நீளம்.

பிரான்சின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகெய்னு என்ற சகோதரர்கள் 1984 நவம்பரில், காற்று நிரப்பிய குழல்களால் ஆன, தண்ணீரில் விழுந்தாலும் மீண்டும் எழும்பக்கூடிய பட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார்கள். அது விளையாட்டாகப் பரவ மேலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தன. 1990களின் பிற்பகுதியில் ஹவாயின் மாவி தீவில் அலைச்சறுக்கு வீரர்கள் இதைக் கையிலெடுத்தபோது, அவர்கள் காலுக்குக் கீழே இருந்தவை மூக்கும் வாலும் உள்ள நீண்ட பலகைகள்.

காற்றின் கணக்கு ஒன்றை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். காற்று தரும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 15 நொட் 20 ஆனால் வேகம் மூன்றிலொரு பங்குதான் கூடுகிறது, விசையோ 78 வீதம் கூடுகிறது. 25 நொட் ஆனால் 15 நொட்டில் இருந்ததைப் போல 2.8 மடங்கு. கரையில் நிற்பவருக்குக் கொஞ்சம் காற்று கூடியதுபோல்தான் தெரியும், பட்டத்தின் கீழே நிற்பவருக்கு அது வேறு உலகம்.

ஒரு முகமா, இரு முகமா

இன்று கற்பிட்டியில் பழகுநருக்குக் கொடுப்பது பெரும்பாலும் டுவின் டிப். இரண்டு முனையும் ஒரேமாதிரி, நடுவில் இரண்டு கால்வார். வலப்பக்கம் போனாலும் இடப்பக்கம் போனாலும் கால் மாற்ற வேண்டாம், பலகையைத் திருப்பவும் வேண்டாம். இந்த யோசனை நம் கடலுக்குப் புதிதல்ல. தென்னிலங்கை மீனவரின் ஒருவ என்ற பாய்த்தோணியில் பக்கமிதவை எப்போதும் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். அதனால் திரும்பும்போது தோணியைத் திருப்பாமல் பாயை மறுமுனைக்கு மாற்றுவார்கள், பின்பக்கம் அணியமாகிவிடும். தப்ரபேன் என்று கிரேக்கரும் உரோமரும் அழைத்த இத்தீவைச் சூழ்ந்த கடலில் ஓடிய கப்பல்களுக்கு இரு பக்கமும் அணியம் இருந்ததாகவும், ஒடுங்கிய நீர்வழிகளில் திருப்பும் தேவை வராமல் இருக்கவே அப்படிச் செய்தார்கள் என்றும் கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதியிருக்கிறார்.

டிரெக்ஷனல் என்பது இதற்கு எதிர்மறை. அதற்கு மூக்கு ஒன்று, வால் ஒன்று, வாலில் துடுப்புகள். ஒரு முகத்தில் மட்டுமே ஓடும். திரும்பி வர வேண்டுமானால் பலகையையே வளைத்துத் திருப்பிக் கால்களை மாற்ற வேண்டும். இந்தத் தொல்லையை ஏன் ஏற்கிறார்கள் என்றால், அலைக்காகத்தான். பின்காலுக்குக் கீழே துடுப்புகள் இருப்பதால் அலையின் முகத்தில் பலகை வழுக்காமல் வளையும். மிதப்பும் இருப்பதால், அலை தள்ளும்போது பட்டத்தின் இழுவையை ஏறக்குறைய விட்டுவிட்டு அலையின் வலுவிலேயே ஓடலாம். டுவின் டிப்பில் அலை ஏறலாம், குதிக்கலாம். ஆனால் இழுவை குறைந்த மறுகணம் அது தாழும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஹைபிரிட். முகம் ஒன்றுதான், ஆனால் அலைப்பலகையைவிடக் குட்டையாகவும் மெல்லியதாகவும், நீளத்துக்குச் சற்றே அகலமாகவும் இருக்கும். மூக்குக் கூராக இல்லாமல் வெட்டிவிட்டதுபோல் மழுங்கியிருக்கும். அடிப்பாகம் அதிகம் வளையாமல் தட்டையாக இருப்பதால், காற்று குறைந்தாலும் சீக்கிரமே நீர்மேல் எழும்பி வழுக்கத் தொடங்கும். பழைய பலகைகளில் இன்னொரு வகையும் கண்ணில் படலாம். 2000களின் தொடக்கத்தில் மியூட்டன்ட் என்ற பெயரில் வந்தவை. வாலில் பெரிய துடுப்புகளும் மூக்கில் சிறிய துடுப்புகளுமாக இருக்கும். கால் மாற்றத் தெரியாதவர் திரும்பி வர அது உதவும். அலையில் மூக்குத் துடுப்புகள் தண்ணீரைப் பிடித்து இடைஞ்சல் செய்யும். இலவசமாகக் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், காசு கொடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

எந்தப் பலகை என்பதற்கான பதில் கடைக்காரரிடம் இல்லை, நீங்கள் இறங்கப்போகும் தண்ணீரில் இருக்கிறது. வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் நல்ல அலைப்பலகை என்று புகழப்படுபவை பெரும்பாலும் ஹவாய், மொரீஷியஸ், கேப் வேர்டே போன்ற இடங்களின் செங்குத்தான அலைகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நம்மிடம் நல்ல காற்றுள்ள இடமும் நல்ல அலையுள்ள இடமும் வெவ்வேறு கரைகளில் கிடக்கின்றன.

கற்பிட்டி ஒரு குடாநாடு. கிழக்கே புத்தளம் களப்பு, மேற்கே திறந்த கடல். கந்தக்குளி, குடாவ, கப்பலடி பக்கங்களில் மணல்திட்டுக்கு உட்புறமாகத் தட்டையான தண்ணீர் கிடைக்கும். பல இடங்களில் முழங்கால், இடுப்பளவுதான். மணல்திட்டைத் தாண்டினால் காற்றே எழுப்பிவிடுகிற குறுகிய இடைவெளி அலைகள். ஒன்று முடியுமுன் அடுத்தது வரும், முகம் செங்குத்தாக நிற்காது. நுரையும் குலுக்கமும் அதிகம். இந்தத் தண்ணீரில், வளைவு அதிகமுள்ள நீண்ட அலைப்பலகை சோம்பலாக இழுபடும். தட்டை அடியும் மழுங்கிய மூக்கும் கொண்ட ஹைபிரிட் இங்கேதான் தன் வேலையைக் காட்டும்.

மன்னார்த் தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கிடப்பதால், தென்மேல் காற்று அதன் ஒரு கரையில் கடலிலிருந்து தரைக்கும் மறுகரையில் தரையிலிருந்து கடலுக்கும் அடிக்கிறது. மன்னார் வளைகுடாப் பக்கம் அலை உண்டு, காற்று உங்களைக் கரைக்கே தள்ளும். பாக்கு நீரிணைப் பக்கம் தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கும், பார்த்தால் இறங்கத் தோன்றும். ஆனால் அங்கே பட்டம் விழுந்தால் காற்று உங்களைக் கரையிலிருந்து விலக்கி, சர்வதேச கடல் எல்லை ஓடும் கடலுக்குள்தான் கொண்டுபோகும். அந்த எல்லையில் எங்கள் மீனவர்கள் பட்டதெல்லாம் இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மீட்புப் படகு காத்து நிற்காவிட்டால் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றில் இறங்கவே கூடாது. இதில் திறமைசாலிக்கும் விதிவிலக்கு இல்லை.

மடுல்சீமைக்காரருக்குக் கிட்டிய கடல் இவை இரண்டும் அல்ல. பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக இறங்கினால் பொத்துவில், அதன் அருகே அறுகம்பை. தென் இந்து சமுத்திரத்தின் தொலைவிலிருந்து வரும் நீண்ட அலைகள் அங்கே முனையைச் சுற்றி வலப்பக்கமாக உடைகின்றன, உலகம் முழுவதிலிருந்தும் அலைச்சறுக்காளர் வருகிறார்கள். ஆனால் மலையைத் தாண்டி வருகிற கச்சான் அங்கே தரையிலிருந்து கடலுக்கு, விட்டுவிட்டு அடிக்கும். பிற்பகலில் கடற்காற்று எழும்பினாலும், பிரதான முனையில் நூற்றுக்கணக்கான தலைகளுக்கு மேலே 24 மீற்றர் நூலை விரிப்பது பொறுப்பற்ற செயல்.

இருந்தும் அறுகம்பைக்குப் போங்கள், பட்டம் இல்லாமல். ஒருமுகப் பலகையில் நிற்கும் நிலை, அலை எங்கே உடையப்போகிறது என்று முன்கூட்டியே பார்க்கும் கண், விழும்போது உடம்பைத் தளரவிடும் பழக்கம் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்த மென்பலகையில் அங்கே கற்கலாம். ஒரு தப்பெண்ணத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். ஹைபிரிட்டை வாங்கினால் கற்பிட்டியில் பட்டத்தோடும் அறுகம்பையில் பட்டமில்லாமலும் ஓடலாம் என்று விற்பவர் சொல்வார். ஓட முடியாது. அதன் கொள்ளளவு 20 லீற்றர் அளவில்தான் இருக்கும். 65 கிலோ உடம்பைப் படுக்க வைத்துக் கையால் வலிக்க, பழகுநருக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மிதப்பு வேண்டும். ஹைபிரிட் மிதப்பதே பட்டம் இழுப்பதால்.

நாடாவும் விரலும்

பலகை நீளத்தை இன்னும் அடி, அங்குலத்தில்தான் சொல்கிறார்கள். 60 முதல் 75 கிலோ வரை எடையுள்ளவருக்கு ஹைபிரிட் 5 அடியிலிருந்து 5 அடி 3 அங்குலம் வரை, அதாவது 152 முதல் 160 சென்ரிமீற்றர் வரை. அகலம் 46 முதல் 49 சென்ரிமீற்றர். கொள்ளளவு 18 முதல் 24 லீற்றர். அதே ஆளுக்குச் சரியான அலைப்பலகை 5 அடி 6 அங்குலத்திலிருந்து 5 அடி 10 வரை போகும். இரண்டு அளவுக்கிடையில் தடுமாறினால், முதல் பலகைக்குப் பெரியதை எடுங்கள். பெரிய பலகை பொறுமையுள்ளது, கால் மாற்றும்போது நேரம் தரும். 25 நொட் குலுக்கத்தில் அது துள்ளும் என்பது உண்மை. அதற்குப் பட்டத்தைச் சின்னதாக்கலாம், பலகையை மாற்றத் தேவையில்லை.

துடுப்பு மூன்று இருந்தால் நடுநிலையானது, பிடிப்பும் திருப்பமும் அளவாகக் கிடைக்கும். நான்கு இருந்தால் வேகமும் காற்றுக்கு எதிரே ஏறும் வலுவும் கூடும். எண்ணிக்கையைவிட முக்கியம் துடுப்பு பொருத்தும் பெட்டி எந்த வகை என்பது. எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ் ஆகிய இரண்டு வகைகளுக்கு அறுகம்பையின் அலைச்சறுக்குக் கடைகளில் துடுப்புக் கிடைக்க வாய்ப்பு அதிகம். வேறு தனி வகை என்றால், களப்பு மணலில் ஒரு துடுப்பு முறிந்த நாளோடு பலகை சுவரில் தொங்கும். முழங்காலளவுத் தண்ணீரில் முறிவது நிச்சயம், எப்போது என்பதுதான் கேள்வி.

கால்வார் வேண்டுமா? வாருக்கான திருகுத் துளைகள் உள்ள பலகையாக வாங்கி, வாரைக் கழற்றி வைத்துக்கொண்டு பழகுவதே நல்லது. வாரோடு அலையில் கவிழ்ந்தால் பலகை திரும்பும் பக்கம் கணுக்காலும் திரும்பும். வாரில்லாமல் விழுந்தால் பலகை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

பழைய பலகையைப் பார்க்கும்போது வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் போடுங்கள். முன்கால் நிற்கும் இடத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். பட்டமில்லாத அலைச்சறுக்குக்குச் செய்த சாதாரணப் பலகையைச் சிலர் கைட் பலகை என்று விற்பார்கள். குதித்து இறங்கும் பாதத்தின் அடி அதன் மேற்பரப்பில் குழியாகத் தெரியும், கொஞ்ச நாளில் அந்த இடத்திலேயே இரண்டாக முறியும். கைட்டுக்கென்று செய்தவற்றில் அந்த இடம் கூடுதல் நார்ப் படலமோ மூங்கில் படலமோ வைத்துத் தடித்திருக்கும். பிறகு விரல் மொழியால் முழுப் பலகையையும் தட்டிப் பாருங்கள், பலாப்பழம் தட்டுவதுபோல. ஒரே சத்தமாக வந்துகொண்டிருந்தது ஓரிடத்தில் பொள்ளென்று மாறினால் மேற்படலம் நுரையிலிருந்து பிரிந்துவிட்டது. துடுப்புப் பெட்டியைச் சுற்றிலும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா? திருகுத் துளையில் துருக் கசிந்திருக்கிறதா? வெடிப்புக்குக் கிட்ட வாயை வைத்து உறிஞ்சினால் உப்புநீர் வருகிறதா? கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பழுது பார்ப்பவர்களும் இதைத்தான் செய்வார்கள். தண்ணீர் குடித்த பலகையின் பாரம் ஒருபோதும் பழையபடி குறையாது.

காலடியில் கட்டாத பலகை

டுவின் டிப்பில் காற்றுக்கு எதிரே சாய்ந்து ஓடத் தெரிந்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். நேரே ஹைபிரிட்டில் தொடங்குபவர் நாளில் பாதியைப் பலகையைத் தேடுவதில் கழிப்பார்.

தண்ணீரில் அமர்ந்திருக்கும்போது பலகை உங்களுக்கு முன்னால், பட்டம் இருக்கும் பக்கம் குறுக்காகக் கிடக்க வேண்டும். ஒரு கையால் அதன் ஓரத்தைப் பிடித்துச் சரித்து, முழங்காலை மடக்கி முதலில் பின்காலை வையுங்கள். அது பலகையைத் தண்ணீரில் அமர்த்திப் பிடிக்கும். பிறகு முன்கால். பட்டத்தை டுவின் டிப்புக்கு இறக்குவதுபோல் வேகமாக இறக்கினால் நீங்கள் எழும்புவீர்கள், பலகை அங்கேயே கிடக்கும். மெதுவாக, விட்டுவிடாத இழுவை வேண்டும். எழும்பியதும் முன்முழங்காலை மடக்கிப் பாரத்தை அதன்மேல் கொண்டுவாருங்கள். பின்னுக்குச் சாய்ந்து குதிகாலால் மிதிக்கும் பழைய பழக்கம் இங்கே உதவாது. காற்றுக்கு எதிரே ஏற வேண்டிய வேலையைத் துடுப்புகளிடம் விட்டுவிடலாம்.

கற்பிட்டியின் கோடைக் காற்றில் மேற்குக் கரையில் கடலைப் பார்த்து நின்றால் காற்று இடப்பக்க முன்னிருந்து வரும். ஆகவே கடலுக்குள் போகும்போது இடக்கால் முன்னால், அலையோடு கரைக்கு வரும்போது வலக்கால் முன்னால். நம்மில் பலருக்கு இயல்பாக முன்னால் வருவது இடக்கால். அதாவது சுலபமான காலோடு வெளியே போய், சிரமமான காலோடு அலை ஏற வேண்டும். முதல் சில வாரங்களை வலக்காலை முன்வைத்து ஓடுவதிலேயே செலவழித்தால் வீணாகாது. அதுவும் களப்புக்குள்.

திரும்பும்போது இரண்டு வழி உண்டு. திரும்பும் முன்னரே கால் மாற்றலாம், அல்லது கால் மாற்றாமல் வளைந்து, கால்விரல் பக்கம் சாய்ந்து ஓடி, நிலைத்த பிறகு மாற்றலாம். இரண்டாவதில் தொடங்குங்கள். கால் மாற்றும் அந்த ஒரு நொடியில் பட்டம் தலைக்கு மேலே சற்று உயர்ந்து நின்று உடம்பின் பாரத்தைத் தாங்கட்டும், பலகையைக் கால்கள் தடவினால் போதும். கீழே குனிந்து காலைப் பார்க்க வேண்டாம். பார்க்கும் பக்கம்தான் விழுவோம்.

அலைக்கு வெளியே போவதற்கு முன் கரையில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். எங்கே நுரை குறைவாக இருக்கிறதோ அங்கே தண்ணீர் ஆழம், அதுதான் வழி. உடைந்த நுரையை நேராக எதிர்கொள்ள வேண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து, முன்காலின் பாரத்தை எடுத்து மூக்கைத் தூக்கவிட்டு, நுரை கடந்ததும் மீண்டும் மிதியுங்கள். வெளியே வந்ததும் முதல் அலையைப் பிடிக்க ஓட வேண்டாம். உடையாத ஒன்றைத் தேர்ந்து அதன் முன்னால், அது ஓடும் வேகத்திலேயே ஓடுங்கள். பட்டத்தை நீங்கள் போகும் பக்கம், உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிறுத்துங்கள். கீழே இறங்கி வளையும்போது பட்டமும் அதே பக்கம் திரும்பத் தொடங்க வேண்டும். பலகை திரும்பிய பிறகு பட்டத்தை நினைத்தால் பிந்திவிடும்.

புதியவர்கள் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். அலை உங்களைப் பட்டத்தை நோக்கித் தள்ளுவதால் நூல் தளரும். பயத்தில் பாரை உள்ளே இழுப்பீர்கள். இழுத்தால் பட்டம் காற்றை வழுக்கவிட்டுப் பின்னோக்கி விழும். முச்சையைக் கீழே அளவுக்கு மீறிக் கட்டிய பட்டம் தலைகுத்துவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோலத்தான் இதுவும் கணக்குத் தப்பிய முச்சை. பாரை வெளியே விடுங்கள், பட்டம் காற்றோடு மிதந்து பின்வாங்கும். பலகையை அலையின் பக்கவாட்டில் திருப்பினால் நூல் மீண்டும் இறுகும். அலைக்கென்று பட்டம் வாங்குபவர்கள், தளர்ந்த நூலில் விழாமல் மிதக்கும் மூன்று குழல் பட்டமாகப் பார்த்து எடுப்பது இதற்காகவே.

பலகையைக் காலோடு கயிற்றால் கட்டாதீர்கள். அலைச்சறுக்காளர் கட்டுகிறார்கள், அவர்களை இழுக்கப் பட்டம் இல்லை. உங்களைப் பட்டம் இழுத்துக்கொண்டுபோக, நீண்டு விறைத்த கயிறு பலகையைத் திரும்ப உங்கள் பின்மண்டைக்கே எறியும். பலகை போய்விட்டால் ஒரு கையைத் தண்ணீரில் சுக்கான்போல் நீட்டி, உடம்பாலேயே குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுக்கு எதிரே இழுபட்டு அதை எட்ட வேண்டும். இது சரளமாக வராதவர் அலைக்கு வெளியே போகக் கூடாது. பட்டத்தின் இழுவையை ஒரே தள்ளலில் அறுக்கும் விடுவிப்பானைக் கண்ணை மூடிக்கொண்டு, இரு கையாலும், தரையில் நூறு தடவை இயக்கிப் பழகுங்கள். தலைக்கவசமும் மிதவை அங்கியும் எல்லா நாளும் வேண்டும்.

நீச்சலைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அதைச் சொன்னால் பலர் வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதே. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஆழமான தண்ணீரென்றால் ஓடையும் நீர்வீழ்ச்சித் தடாகமும்தான், அதுவும் போகாதே என்று அடித்துத் தடுத்த இடங்கள். வடக்கு, கிழக்கில் வளர்ந்த பலருக்கோ கடல் என்றால் 2004 டிசம்பர் 26, அல்லது 2009. கடலுக்கு இறங்க மனம் வராதவரைக் கேலி செய்யும் பயிற்றுநரிடம் போகவேண்டாம். 200 மீற்றர் நிற்காமல் நீந்தவும், தரை தொடாத தண்ணீரில் பத்து நிமிடம் பதற்றமில்லாமல் மிதக்கவும் முடிந்த பிறகு பட்டத்தைத் தொடுங்கள் என்பது நான் போடும் அளவு. விடுதி முதலாளி அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கரையில் ஏற்கெனவே இருப்பவர்கள்

காற்று வீசும் எந்தக் கரையும் வெறுமையாக இருந்ததில்லை. கற்பிட்டியில் மீன்பிடிப்பவர்கள் பல தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளம் மாவட்டத்தில்தான் பெரும்பாலும் தஞ்சமடைந்தார்கள். அந்தக் களப்பைச் சுற்றித் தமிழ் புழங்குகிறது. எங்கே திட்டு நகர்ந்தது, எங்கே பட்டி வலை ஊன்றியிருக்கிறது, எந்த இடத்தில் இழுப்பு என்பதைப் பயிற்றுநரின் வரைபடத்தைவிட வள்ளக்காரரிடம் கேட்டால் தெளிவாகச் சொல்வார். ஐரோப்பிய விருந்தினருக்கு இல்லாத வசதி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகளும், அதற்குப் பின் வந்த திட்டங்களுக்கு எதிராக 2025இல் மக்கள் நடத்திய போராட்டமும், அங்கே காற்று என்ற சொல்லையே அரசியலாக்கிவிட்டன. பட்டத்தோடு போகிறவர் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை அடிக்கும் வாடைக் காலத்திலும் கற்பிட்டியில் பட்டம் ஏறும். அது மேற்குக் கரைக் கடல் அடங்கியிருக்கும் காலம், கரைவலை போடும் காலமும்கூட. கடலில் வளைத்து நிற்கும் வலைக்கும் கரையில் இழுப்பவர்களுக்கும் நடுவே ஒருபோதும் நுழையக் கூடாது. உங்கள் துடுப்பு அறுக்கும் ஒரு கயிறு இருபது குடும்பத்தின் அன்றைய பாடு. அலையில் ஏற்கெனவே ஓடுபவருக்கே முன்னுரிமை, பட்டமில்லாத சறுக்காளருக்கு அதிலும் கூடுதலாக. அவர்கள் இருக்கும் இடத்துக்குக் காற்று வரும் பக்கத்தில், நூல் நீளத்தின் இரு மடங்குக்குள் போகாமலிருப்பது நல்ல பழக்கம்.

பருவம் முடிந்து மலைக்குத் திரும்பும்போது பலகையை நன்னீரில் கழுவி, துடுப்புகளைக் கழற்றிப் பழைய சீலையில் சுற்றுங்கள். லயத்துத் தகரக் கூரைக்கு நேர் கீழே பரணில் போட வேண்டாம், அந்த வெக்கையில் மேற்படலம் கொப்பளிக்கும். கட்டிலுக்குக் கீழே சரி. சில பலகைகளின் மேற்பரப்பில் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு திருகாணி இருக்கும், உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்கானது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெளிக் காற்றழுத்தம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும், உள்ளே அடைபட்ட காற்று விரியும். பஸ் ஏறுமுன் அந்தத் திருகாணியைத் தளர்த்திவிடுங்கள். அடுத்த வருடம் தண்ணீரில் இறங்குமுன் மறக்காமல் இறுக்குங்கள்.